மச்சினன் கயிறு

நொச்சித்தீவில் கடலுக்குள் இறங்க வேண்டுமென்றால் முதலில் உங்களுக்கு ஒரு மனைவி இருக்க வேண்டும், அந்த மனைவிக்கு ஒரு சகோதரன் இருக்க வேண்டும், அந்தச் சகோதரன் உங்கள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். சங்கு குளித்த காலத்திலிருந்து அங்கே அதுதான் சட்டம், ஏனென்றால் கூடப்பிறந்தவள் விதவையாவதைப் பார்க்க விரும்பாத ஒருவனைத் தவிர வேறு எவன் கையையும் நம்பி அந்தத் தீவு தன் ஆண்களைத் தண்ணீருக்குள் அனுப்பியதில்லை. சங்குக் குளி நின்றுபோன பிறகும், முதுகில் சிலிண்டரும் காலில் ரப்பர் துடுப்பும் மாட்டிக்கொண்டு பவளப்பாறையும் கடல்குதிரையும் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கிய பிறகும் சட்டம் மாறவில்லை. வருகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு கோபப்படுவார்கள், பிறகு ஊருக்குப் போன் செய்து மச்சினனை வரவழைப்பார்கள். நண்பனைக் கூட்டி வந்து மச்சினன் என்று பொய் சொன்னவர்களும் உண்டு. அவன் கயிற்றைப் பிடிக்கிற அலட்சியத்தைப் பார்த்தே தீவு கண்டுபிடித்துவிடும்.

இதெல்லாம் தெரியாமல்தான் நான் போனேன். ஐம்பது தாண்டிய ஆள், கோயம்புத்தூரில் பம்ப்செட் கடையில் பாதிப் பங்கு, மூன்று அறை வீட்டில் ஒரு அறையை மட்டும் பெருக்கினால் போதும் என்கிற வாழ்க்கை. பெங்களூரில் இருக்கும் மகள் என் பிறந்தநாளுக்கு இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்துவிட்டு, "அப்பா, மனுஷங்கள பாக்கப் பிடிக்கலேன்னா மீனையாவது போய்ப் பாருங்க" என்றாள். எனக்கு மனிதர்களைப் பிடிக்கவில்லை என்று அவளிடம் யார் சொன்னார்கள் என்று பேருந்தில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

கரையிலிருந்து எங்களை ஏற்றிக்கொண்டு போன படகு ரெமிஜியூஸுடையது. தீவில் முக்குளிக்க வருகிறவர்களுக்கு எல்லாம் அவர்தான். கறுத்து, குட்டையாக, எப்போதும் எதையோ மெல்லுகிற வாயோடு இருந்தார். படகில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியும், அந்தப் பெண்ணின் தம்பியும் இருந்தார்கள். தம்பி ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான்.

"சாரோட மச்சினன் பின்னால வாராரா?" என்று ரெமிஜியூஸ் கேட்டார்.

"எந்த மச்சினன்?"

"கலியாணம் ஆயிட்டுல்லா?"

"ஆச்சு. அப்புறம் பிரிஞ்சுட்டோம்ங்க."

"அவங்களுக்கு அண்ணன் தம்பி?"

"ஒரு தம்பி. நல்லா இருக்கார்."

"அப்ப மச்சினன் இருக்காருல்லா."

"இருக்கார். எனக்கு இல்லீங்க."

ரெமிஜியூஸ் மெல்லுவதை நிறுத்தினார். "அது கஷ்டம்லா" என்று சொல்லிவிட்டு, கயிற்றைப் பற்றிய சட்டத்தை எனக்கு விளக்கினார். ஒரு சுண்டு சுண்டினால், 'நான் இருக்கேன், நீ இருக்கியா' என்று அர்த்தம். மற்றவன் திருப்பி ஒரு சுண்டு கொடுக்க வேண்டும். இரண்டு சுண்டினால் இன்னும் கயிறு விடு. கேட்டுப் பதில் வராவிட்டால் இன்னொரு முறை கேட்கலாம், அதற்கும் வராவிட்டால் இன்னொரு முறை, அதோடு சரி. அப்புறம் யோசிக்கக் கூடாது, தூக்கிவிட வேண்டும்.

"இந்த சாருக்கும் சேத்து எந் தம்பியவே பிடிக்கச் சொல்லுங்களேன்" என்றாள் புதுப்பெண், இரக்கத்தோடு.

"ஒரு கைக்கு ஒரு கயிறுதாம்மா. அதுவும் இப்ப அவன் கை இருக்க இருப்பப் பாத்தா..." என்றார் ரெமிஜியூஸ். தம்பி மறுபடியும் குனிந்தான்.

திரும்பிப் போகிற படகு ஞாயிற்றுக்கிழமைதான் என்பதால், கடலுக்குள் இறங்க முடியாத ஒருவனாக ஒரு வாரம் கடலுக்கு நடுவில் இருக்க நேர்ந்தது. தங்குவதற்குக் கித்தேரியம்மாள் வீட்டில் ஒரு அறை கொடுத்தார்கள். என் வயதை ஒட்டிய பெண்மணி, பருத்த தோள்கள், உரத்த குரல், காதில் பழங்காலத் தோடு, தலையில் பூ. பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் என் அறை வாசலில் திரும்பிப் பார்க்காமலே, "காலத் தூக்கி வையுங்க சார்" என்றார். குனிந்து பார்த்தால் வாசற்படியை ஒட்டித் தரையோடு தரையாக ஒரு கயிறு போய்க்கொண்டிருந்தது. கடற்கரை மணலிலிருந்து ஏறி, கொல்லைப்புற வேலியில் அதற்கென்று விட்ட இடைவெளி வழியாக நுழைந்து, அடுக்களையில் அம்மிக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடி, வீட்டைக் கடந்து முன்வாசலில் இருந்த பூவரச மரத்தடிக்குப் போயிற்று. அங்கே ஒரு நாற்காலியில் ஒரு மெலிந்த மனிதர் உட்கார்ந்து அதன் முனையைப் பிடித்திருந்தார்.

"யாருதுங்க இந்தக் கயிறு?"

"எங்க வீட்டுக்காரருது. வேலைக்குப் போயிருக்காரு" என்றார் கித்தேரியம்மாள். "அது எங்க அண்ணன். சோத்துக்கு மீன் திங்கியளா, இல்ல கோயம்புத்தூர்க்காரவுக பருப்புதானா?"

அவருடைய கணவர் கஸ்பார் சங்கு குளிக்கப் போனவர். ஒரு கொண்டல் காற்றுக் காலத்தில், மகள் இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயதில், தெற்குப் பார் என்கிற கடலடிப் பாறைத்திட்டில் இறங்கினார். கயிற்றை மச்சினன் பொன்சியான் பிடித்திருந்தார். இறங்கியவர் இரண்டு சுண்டு கொடுத்தார், பொன்சியான் கயிறு விட்டார். மறுபடி இரண்டு, மறுபடி விட்டார். உச்சி வெயிலுக்குள் படகிலிருந்த கயிறு தீர்ந்து, பக்கத்துப் படகுகள் வந்து தங்கள் கயிறுகளை முடிந்து கொடுத்தன. கயிறு கேட்கிறவனைத் தூக்கக் கூடாது என்பது சட்டம். கேட்கிற சுண்டுக்கெல்லாம் பதில் சுண்டு வந்தது. சாயங்காலமும் வந்தது, மறுநாளும் வந்தது, அடுத்த வாரமும் வந்தது. படகுகளுக்கு வேறு வேலை இருந்ததால் கயிற்றைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கித்தேரியம்மாள் தன் அடுக்களை வழியாகத்தான் அது போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் அப்படியே போட்டார்கள். தண்ணீருக்கடியில் அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று முதல் மாதம் எல்லோரும் பேசினார்கள். இரண்டாம் மாதம் பேசுவதற்கு வேறு விஷயங்கள் வந்துவிட்டன.

அதற்குப் பிறகு தீவு அந்தக் கயிற்றைச் சுற்றித் தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி அடுக்கிக்கொண்டது. நடை பழகுகிற குழந்தைகள் கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கிப் பழகி, அது இல்லாத இடத்திலும் தூக்கியே நடந்தன. ஆடுகள் அதை மேயாமல் விடக் கற்றுக்கொண்டன. வலை போடுகிறவர்கள் தெற்குப் பாருக்கு வந்ததும் என்ஜினை நிறுத்தித் துடுப்புப் போட்டுக் கடந்தார்கள். கல்லறைத் திருநாளில் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கும்போது கஸ்பார் பெயரை என்ன செய்வதென்று சாமியாருக்குக் குழப்பம் வந்தது, ஆளனுப்பிக் கேட்டார், கயிறு சுண்டியது, அந்தப் பெயர் கடலுக்குப் போயிருப்பவர்களுக்கான மன்றாட்டில் சேர்ந்து அங்கேயே நின்றது. ரேஷன் அட்டையில் பெயரை அடிக்க வந்த அதிகாரியிடம் பொன்சியான் கயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டவர் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் படகேறினார், கஸ்பாரின் அரிசியும் சீனியும் இன்றுவரை வருகின்றன. மகளுக்குக் கல்யாணம் வந்தபோது நாலு பேர் சேர்ந்து கயிற்றை மாதாகோயில் நடுக்கூடம்வரை நீட்டிப் போட்டார்கள். தகப்பனுக்குச் சம்மதமா என்று சாமியார் கேட்ட இடத்தில் அது பாம்புபோல ஒருமுறை துள்ளி விழுந்ததை மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள், சீர் குறைச்சல் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் அதோடு வாயை மூடினார்கள். ஒரு புயலின்போது எல்லோரையும் ஏற்றிப் போக அரசுப் படகு வந்தது, பொன்சியான் எழவில்லை, அண்ணன் இல்லாமல் கித்தேரியம்மாள் வரவில்லை, கித்தேரி இல்லாமல் எப்படிப் போவதென்று தீவே வரவில்லை. தீவுப் பெண்கள் புருஷன்மாரோடு சண்டை போடும்போது, "கஸ்பார் மாதிரி போயித் தொலையும், கயிறு எவ்வளவு வேணும்னாலும் விடுதேன்" என்பார்கள்.

கித்தேரியம்மாள் கயிற்றோடு பேசுவார். மீன் கழுவிக்கொண்டே, மின்சாரம் போனதையும், பேத்திக்குப் பல் முளைத்ததையும், ரெமிஜியூஸ் விருந்தாளிகளிடம் அடிக்கிற கொள்ளையையும் அதைப் பார்த்துச் சொல்லுவார். பதில் சுண்டு கொடுக்கிற உரிமை அண்ணனுக்குத்தான், அவருக்கு இல்லை. ஆனால் துள்ளும்போது ஈரக் கையை அதன்மேல் கொஞ்சம் வைத்துவிட்டு எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். கஸ்பார் ஏன் மேலே வரவில்லை என்று கேட்டேன். "வேலை முடியல போல" என்றார், இதைப் போய்க் கேட்கிறீர்களே என்கிற முகத்தோடு.

ரெமிஜியூஸின் படகு காலையில் புதுமாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும். மதியம் திரும்பும்போது அவர்கள் கிளிமீனையும் திருக்கையையும் ஆவுளியா என்கிற கடல்பசுவையும் பற்றிக் கையை விரித்து விரித்துப் பேசுவார்கள். நான் கரையில் நடந்தேன். கோயிலுக்குப் பின்னால், ஓடக்கரையில், உப்புக் காற்றில் வெளுத்த காம்பவுண்டு ஓரத்தில் நடந்தேன். எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள்; எந்த முறையும் சொல்லிக் கூப்பிட முடியாததால் 'சார்' என்று கூப்பிட்டார்கள், அந்தச் சொல்லோடு பேச்சு நின்றுவிடும். மற்ற எல்லோரும் எல்லோருக்கும் யாராகவோ இருந்தார்கள்.

புதன்கிழமை மதியம் என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். குதிகால் கயிற்றின்மேல் இருந்தது. அப்போது அது சுண்டியது. தூங்குகிற ஒருவரைத் தொட்டு எழுப்புவதுபோல மெதுவாக, ஒரே ஒரு முறை. எதிரே பூவரசடியில் பொன்சியான் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தார். அவர் கை அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு சுண்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. அவர் காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு, வெகு நேரம் கழித்து, எந்தக் கேள்வியும் வராத ஒரு நேரத்தில், அவராகவே ஒரு சுண்டு கொடுத்தார்.

இது என் வேலையா என்று யோசித்தேன். யோசிப்பது என் வழக்கம். என் மனைவி கேட்ட கேள்விகளுக்கு நான் நல்ல பதிலாக யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் பெட்டியைக் கட்டினாள். மறுநாளும் குதிகாலை அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றும் அப்படியே நடந்தது. அவர் வலது கை விரலிடுக்கில் ஒரு பீடி இருந்தது. அது எரிந்து எரிந்து தோலைத் தொட்டு, தோல் கருகி, வாடை எனக்கே வந்தது. அவர் இடது கையால் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

எழுந்து போய் பீடியைத் தட்டிவிட்டேன்.

பொன்சியான் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுக்களைப் பக்கம் பார்த்தார். "கத்தாதியும்" என்றார் மெதுவாக. நான் கத்தவே இல்லை.

"எப்ப இருந்துங்க?"

"மழைக்கு முன்னாலேருந்து. ஒருநா காலைல முழிச்சா இந்தக் கை யாரோட கையோ மாதிரி கெடக்கு. பிடிக்கும். இழுக்கும். ஆனா ஒண்ணும் தெரியாது வே. அவன் கேக்குறது தெரியல. அதனால நானா ஒரு நேரம் வச்சிக் குடுக்கேன். கேள்வி இல்லாமப் பதில் சொல்லிட்டுக் கெடக்கேன்."

"இடது கையில பிடிக்கலாமே?"

"அதுவும் மரத்துட்டு வருது."

"வேற யாராவது..."

"யாரு?" என்றார். பிறகு, வெகுநாள் மனதுக்குள் போட்டு உருட்டிப் பார்த்த கணக்கை எனக்குச் சொன்னார். அவரும் கித்தேரியும் கடலுக்கு அந்தப் பக்கம், வேறு கரையில் பிறந்தவர்கள். தீவில் இருக்கிற அத்தனை ஆண்களும் கஸ்பாரின் வகையறா; கித்தேரிக்கு ஒருவர் மாமனார், ஒருவர் கொழுந்தன், ஒருவர் மகன் முறை. அண்ணன் தம்பி என்று சொல்ல ஒருவன் கிடையாது. ஊரில் இருந்த பங்காளிகள் செத்தார்கள் அல்லது கப்பலேறினார்கள். பொன்சியானுக்குப் பிள்ளை இல்லை. வலது கை ஒருநாளும் ஓயாததால் கல்யாணமே இல்லை. "தங்கச்சிக்குத் தெரிஞ்சா அவ அன்னைக்கே அறுத்துடுவா தாலிய. கயிறு பிடிக்க ஆள் இல்லாதவ எப்படிப் பொண்டாட்டி? நீரு ஞாயித்துக்கிழம போற ஆளு. பாத்தத மறந்துட்டுப் போவும்."

மறக்கிறேன் என்று சொன்னேன். ஆனால் அறைக்குத் திரும்பிக் குதிகாலை வைத்ததும் கயிறு மறுபடி கேட்டது. இந்த முறை அதில் ஒரு பதற்றம் இருந்தது என்று நினைக்கிறேன், அல்லது பதற்றம் என்னுடையதாக இருக்கலாம். ஒரு கேள்வி என் காலடியில் வந்து நிற்கிறது, அது எனக்கானது அல்ல, அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அப்படியே படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, கித்தேரியம்மாள் பழைய சோற்றைப் பிழிந்துகொண்டிருந்த நேரத்தில், அடுக்களையில் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கயிறு தரையை விட்டு எழும்பி, வில்லின் நாணாக விறைத்து, கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே இருந்த குழம்புச் சட்டியும் குடமும் உருண்டன. முன்வாசலில் நாற்காலி கவிழ்ந்தது. பொன்சியான் கயிற்றின் முனையை மணிக்கட்டில் சுற்றிக் கட்டியிருந்ததால், அவர் வீட்டுக்குள்ளாகவே, என் அறை வாசலைக் கடந்து, அம்மியைக் கடந்து, வேலி இடைவெளி வழியாக மணலுக்கு இழுபட்டுப் போனார். இழுத்த இழுப்பு கோபமானதாக இல்லை. ஒரே சீராக, நிதானமாக, கைமாற்றிக் கைமாற்றி, தொழில் தெரிந்த ஒருவன் இழுக்கிற இழுப்பு.

கித்தேரியம்மாளுக்குத்தான் முதலில் புரிந்தது. சோறு ஒட்டிய கையோடு மணலில் நின்று, "ஏன் அண்ணே பதில் குடுக்கல? எத்தன தடவ கேட்டாரு?" என்று கேட்டார்.

பொன்சியான் மணலில் படுத்தபடி தன் கையைப் பார்த்தார். "தெரியலம்மா" என்றார்.

"அவரு உன்னத் தூக்குதாரு" என்றார் கித்தேரியம்மாள்.

அதற்குள் தீவு கூடிவிட்டது. எல்லோருக்கும் அந்தக் கணத்தில்தான் விளங்கியது, கயிற்றுக்கு இரண்டு முனை என்பதும், இத்தனை காலமாகக் கீழே இருப்பவரை நாங்கள் பிடித்துக்கொண்டிருந்ததைப் போலவே அவரும் எங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதும், கேட்டுக் கேட்டுப் பதில் வராததால் எந்த மச்சினனும் செய்ய வேண்டியதை அவர் செய்துகொண்டிருக்கிறார் என்பதும். பொன்சியானின் கை தண்ணீரைத் தொட்டது. ரெமிஜியூஸ் கத்தியை எடுத்தார். கித்தேரியம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் கத்தியை மறுபடி மடித்து இடுப்பில் செருகினார். அறுத்தால் அண்ணன் பிழைப்பார், புருஷன் போய்விடுவார், அறுக்காவிட்டால் இருவரும். ஒரே ஒரு பதில் சுண்டு போதும், ஆனால் அதைக் கொடுக்கக் கித்தேரியின் சகோதரன் ஒருவன் வேண்டும். ஆண்கள் எல்லோரும் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள், கொழுந்தன்மாரும் மாமன்மாரும்.

கித்தேரியம்மாள் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து என்னிடம் வந்து நின்றார்.

"சார், உங்களுக்குக் கூடப்பிறந்த பொம்பள உண்டா?"

"இல்லீங்க."

"வாயத் திறங்க."

கையிலிருந்த பழைய சோற்றை உருட்டி என் வாயில் வைத்தார். குளிர்ந்து, புளித்து, அவர் கை உப்போடு இருந்தது. "தங்கச்சி வீட்டுல சாப்பிட்டாச்சு. போங்க அண்ணே" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்க நேரமில்லை. தண்ணீருக்குள் ஓடிப் பொன்சியானின் மணிக்கட்டிலிருந்து முடிச்சை அவிழ்த்தேன், முனை என் கைக்கு வந்தது, அவர் அலையில் உட்கார்ந்துவிட்டார், நான் இழுபட்டேன். இடுப்பளவு, மார்பளவு. இழுக்கிற கயிற்றைத் திருப்பி இழுத்துச் சுண்ட முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. நின்று எதிர்த்தால் அது வெறும் பாரம்தான், பாறையில் சிக்கியதாக அவர் நினைப்பார். அதனால் அதோடு கூடவே போனேன், அவர் கைமாற்றுகிற அந்தச் சிறிய இடைவெளிக்குக் காத்திருந்தேன், அது வந்தபோது ஒரே ஒரு சுண்டு கொடுத்தேன்.

நான் இருக்கேன். நீ இருக்கியா.

இதை நான் கடைசியாக எப்போது, யாரிடம் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. வாயில் இன்னும் சோறு இருந்தது.

கயிறு நின்றது. கழுத்தளவுத் தண்ணீரில் நானும் நின்றேன். கீழே இருந்தவர் யோசித்தார்; இது தெரிந்த கை அல்ல என்பது அவருக்கு விளங்கியிருக்கும், இத்தனை காலம் பிடித்த கையிலிருந்து வேறு கைக்கு மாறியதன் காரணத்தை அவர் எப்படிக் கணக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு சுண்டு வந்தது. பிறகு, இழுத்த அத்தனை கயிற்றையும் அவர் மெல்ல மெல்லத் திருப்பி விட ஆரம்பித்தார், ஆழத்தில் வேலை செய்கிற ஒருவனுக்கு விடுவதுபோல, தாராளமாக.

அப்போது நான் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் கண்ணைத் திறந்தேன். முகமூடி இல்லாததால் எல்லாம் கலங்கலாக இருந்தது. என் கையிலிருந்து கயிறு சரிந்து இறங்கியது. அதன்மேல் பாசியும் சிப்பியும் பவளமும் பற்றி வளர்ந்திருந்தன, மஞ்சள் மீன்கள் கூட்டமாக அதைக் கொத்திக்கொண்டிருந்தன, ஒரு கடல்குதிரை வாலைச் சுற்றி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் நீலம், அதற்கப்பால் இன்னும் கறுத்த நீலம், கயிறு அதற்குள் போய்க்கொண்டே இருந்தது. யாரும் தென்படவில்லை. நான் மீன் பார்க்க வந்தவன், பார்த்துவிட்டேன்.

அதன் பிறகு தீவு பல நாள் வாதாடியது. வேற்றூர்க்காரன், வேற்று மதத்துக்காரன், புதுச் சோறு கூட இல்லாமல் பழையதைத் தின்று அண்ணனானவன் செல்லுவானா என்று சாமியாரிடம் போனார்கள். "தின்னாரா?" என்று சாமியார் கேட்டார். தின்றார் என்றார்கள். "அவ கையாலயா?" ஆமாம். "கஸ்பார் ஒத்துக்கிட்டானா?" நிறுத்திவிட்டார் என்றார்கள். "அப்ப நான் என்ன சொல்ல இருக்கு?" என்று அவர் உள்ளே போய்விட்டார். ஆனால் அதற்கு முன்பே, அந்த சனிக்கிழமை மதியமே, ரெமிஜியூஸ் பூவரசடிக்கு வந்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "என்ன மச்சான், நிழல் போதுமா?" என்று கேட்டிருந்தார். கித்தேரிக்கு அண்ணன் என்றால் கஸ்பார் வகையறா முழுவதற்கும் நான் மச்சான். சாயங்காலத்துக்குள் தீவின் ஆண்கள் பாதிப்பேர் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள், சிலர் கேலிக்கு, சிலர் பழகிக்கொள்வதற்கு.

ஞாயிற்றுக்கிழமைப் படகில் நான் போக வேண்டிய இடத்தில் பொன்சியான் போனார், கரையில் ஆஸ்பத்திரியில் கையைக் காட்டுவதற்கு. படகில் அவரை ஏற்றும்போது பார்த்தேன், வலது கை மூடியே இருந்தது, உள்ளே ஒரு கயிறு போகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு. திரும்பி என்னிடம், "தம்பி, எங்க அரிச்சாலும் இடது கையால சொறியணும். மத்தபடி இதுல ஒண்ணுமில்ல" என்றார். பிறகு படகின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, தீவு மறைகிறவரை முதுகைக் காட்டிக்கொண்டே போனார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தான் பிறந்த கரைக்குப் போய்விட்டதாகப் பிறகு செய்தி வந்தது. அங்கே அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்றும், சாயங்காலங்களில் கடலோரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றும் சொன்னார்கள்.

"உமக்குத்தான் இப்ப மச்சான் இருக்காருல்லா, கீழயே பிடிச்சிட்டு இருக்காரு. ஒருநா சிலிண்டர் மாட்டி இறங்கிப் பாரும்" என்று ரெமிஜியூஸ் அவ்வப்போது கூப்பிடுகிறார். தங்கை புருஷன் கயிறு பிடித்தால் செல்லுமா என்று கொஞ்சம் வாதம் நடந்தது. செல்லும் என்றுதான் முடிவானது. ஆனால் நான் இறங்கினால் இந்த முனையை யார் பிடிப்பது? அதனால் அவர் படகு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கித்தேரி இடது கையால் சாப்பிடத் தெரியாத என்னைத் திட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்து வைக்கிறாள். கடையில் என் பங்கை வாங்கிக்கொள்ளக் கூட்டாளி சம்மதித்துவிட்டார். அங்கே பூட்டியிருக்கும் மூன்று அறைகளையும், பெருக்காத அந்த இரண்டையும், சில மதியங்களில் நினைத்துக்கொள்கிறேன். இங்கே எனக்கு முறை சொல்லிக் கூப்பிட ஒரு தீவு இருக்கிறது. அவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போகும்போது காலைத் தூக்கி வைக்கிறார்கள்.

போன வாரம் மகள் கூப்பிட்டாள். போனை இடது தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"எப்பப்பா வர்றீங்க? அங்க தனியா என்னதான் பண்றீங்க?"

அப்போது கயிறு சுண்டியது. "ஒரு நிமிஷம் இரும்மா" என்று சொல்லிவிட்டுப் பதில் கொடுத்தேன்.

"யாருப்பா பக்கத்துல?"

"மச்சான்" என்றேன்.

பெங்களூரில் இருக்கும் தன் தாய்மாமாவை நினைத்துவிட்டாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது. "மாமாவாப்பா? மாமா வந்திருக்காங்களா? உங்ககிட்ட பேசறாங்களா?" என்று கேட்டாள், சின்ன வயதில் கேட்ட அதே குரலில்.

என்ன சொல்வதென்று யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பதில் வரவில்லையென்றால் எத்தனை முறை கேட்பாள், அதன் பிறகு என்ன செய்வாள் என்ற நினைப்பு வந்தது.

"அப்பா?" என்றாள். கொஞ்சம் விட்டு மறுபடி, "அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றேன்.